மயில்துத்தம்

வீட்டுக்கு வந்ததும் கை கழுவுகிறேன்.
ஒருமுறை சோப்பு, ஒருமுறை எலுமிச்சைத் தோல்,
மறுபடி சோப்பு.
நக இடுக்கில் நீலம் போகும்வரை
தொட்டிக்குள் விரல் விடுவதில்லை.

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
உரக்கடையில் பில் போடுகிறேன்.
ஐப்பசியில் கூட்டம் ஏறினால்
நிறுத்தும் போடுவேன்:
யூரியா, பொட்டாஷ்,
மூலைச் சாக்கில் மயில்துத்தம்.
பெயர் வைத்தவர்
கழுத்தின் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

"நட்டு எட்டு நாளுதான் ஆவுது, பாதி வயல் மொட்ட.
ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா
ஒவ்வொரு தாள்லயும் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு"
கோட்டூர் வில்வநாதன்
முழங்கால்வரை சேற்றோடு நிற்கிறார்.
எத்தனை கிலோ என்று கேட்கிறேன்.
என் நத்தைகளுக்கு
வெள்ளரிக்காயை வட்டமாய் நறுக்கி
அரை வேக்காட்டில் போடுகிறேன் என்பதை
இவரிடம் எந்த வாயால் சொல்ல?

இரண்டடித் தொட்டி. கப்பி பதினொன்று.
"பாசியத் தின்னும்க்கா, கண்ணாடி தொடைக்க வேணாம்"
மீன்கடை அசாருதீன்
சட்னி கட்டும் பையில் கொடுத்தான்
மஞ்சள் நத்தை நான்கு.
பாசியைத் தின்றன, கொஞ்சம்.
செடியைத் தின்றன, மிச்சம் வைக்காமல்.

ஓடு வெளுத்துக் குழி விழுந்தபோதுதான்
சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று தெரிந்தது.
முட்டை ஓடு இடித்துப் போட்டேன்.
நாகையிலிருந்து கூடை கொண்டுவரும் அந்தோணியம்மாள்
கணவாய் ஓடு ஒன்றைச் சும்மா தந்தாள்.
"பச்சக்கிளி வளக்கிறியா?"
நத்தை என்றேன்.
நாலடி நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

நத்தையின் மீசை கப்பிக்குப் புழு.
கொத்தும்.
இது சுருக்கும், கொஞ்சம் பொறுத்து
மறுபடி நீட்டும்.
மாமியாரும் நானும் ஒரே அடுப்பில் சமைத்த
ஆறு வருஷம் ஞாபகம் வரும்.

அடைமழை. மூன்று நாள் கரண்ட் இல்லை.
தண்ணீர் சில்லிட்டு,
பெரிய வால்காரன் உடம்பெல்லாம்
உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி.
மறுநாள் ஐந்து பேருக்கு.
அசாருதீன் தந்த மருந்துக் குப்பியை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
லேபிளைப் படிக்கவே வேண்டாம்,
அந்த நீலத்தை எனக்குத் தெரியும்.
"மீனுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."
நத்தைக்கு?
"நத்த இருவது ரூவாதானே."

மீன்களைப் பச்சை வாளிக்கு மாற்றினேன்.
சொட்டெல்லாம் வாளிக்கு.
வலையும் குவளையும் தனித்தனி.
வாளியில் தொட்ட கை தொட்டிக்குப் போகுமுன்
மறுபடி சோப்பு, தோல், சோப்பு.

அன்றிரவு இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு வாய் திறந்தது, மூடியது, திறந்தது.
அவசரமே இல்லை.
கோட்டூர் வயலில் அவர் பார்த்ததும்
இதே வாயைத்தான்.

பன்னிரண்டாம் நாள் ஒன்பது கப்பி திரும்பின.
பெரிய வால்காரன் இல்லை.
மூடியைத் திறந்தால்
தண்ணீருக்கு மேலே, கண்ணாடி விளிம்பில்
இளஞ்சிவப்பாய் ஒரு கொத்து முட்டை.
நூறு இருக்கும்.

அசாருதீன் பத்து எடுப்பான். மிச்சம்?
பின்கட்டுச் சாக்கடை வாய்க்காலில் விழும்,
வாய்க்கால் பாமணியாற்றில்.
ஆறு எங்கெங்கே போகும் என்று
பில் புத்தகத்தில் ஊர் ஊராய்
நானே எழுதியிருக்கிறேன்.

நகத்தால் சுரண்டினேன்.
மெத்தென்று வந்தது.
முட்டை ஓடு இடிக்கும் அதே உரலில் போட்டு
இடித்தேன்.
நத்தைகள் வெள்ளரிக்காயில் இருந்தன.

காலையில் வில்வநாதன் வந்தார்.
மறுநடவாம்.
"இன்னும் ரெண்டு கிலோ போடும்மா."
நிறுத்தேன்.
முள் நிற்கும்வரை இருவரும் பேசவில்லை.
சில்லறை வாங்கும்போது என் விரலைப் பார்த்து
"மருதாணியா?" என்றார்.